கிட் காருக்குக் கிரேட் இன்ஜின் வாங்கலாமா?

கோப்ராக்கனவு:
பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கிட் கார்தான்: 60-களின் ஸ்போர்ட்ஸ் காரான கோப்ராவின் நகலை வீட்டிலேயே கட்டிக்கொண்டிருக்கிறேன். சேஸி தயார், சஸ்பென்ஷன் பாதி. இன்ஜினில்தான் இழுபறி. பெட்டியில் புத்தம் புதிதாக வரும் கிரேட் இன்ஜின், ஷெவர்லே எல்எஸ்3 வாங்க ஆசை. 6.2 லிட்டர், 430 குதிரைத்திறன். இன்னொரு பக்கம், அடிபட்ட பழைய மஸ்டாங்கிலிருந்து இறக்கிய ஃபோர்டு 302 (5 லிட்டர் வி8), டி5 என்ற ஐந்து கியர் பாக்ஸோடு கிடைக்கிறது. எதை எடுப்பது?

பிஸ்டன்பித்தன்:
கிரேட்தான், யோசிக்கவே வேண்டாம். பழைய இன்ஜினைப் பிரித்துப் பார்க்கும்வரை உள்ளே என்ன லட்சணம் என்று யாருக்கும் தெரியாது. போரிங், கிராங்க் அரைப்பது, பிஸ்டன், பேரிங் என்று ஆரம்பித்தால் புதிது வாங்கிய செலவு வந்து நிற்கும்.

கரிக்கை:
பெட்டிக்குள் என்னவெல்லாம் வராது என்பதைப் பித்தர் சொல்லவில்லையே! இசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்), வயரிங், ஆக்சிலரேட்டர் பெடல், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் எல்லாம் பெரும்பாலும் தனித்தனி பில். அப்புறம் எல்எஸ்3-இன் டார்க் (சுழற்று விசை) சுமார் 575 நியூட்டன் மீட்டர். அந்தக் கால மஸ்டாங் டி5 சுமார் 400-க்குத்தான் தாங்கும். ஆக கியர்பாக்ஸும் புதிது, டிஃபரன்ஷியலும் சந்தேகம். 1962-இல் கோப்ராவை உருவாக்கிய கரோல் ஷெல்பி ஃபோர்டு வி8 வைத்த வண்டியில் ஷெவர்லேயா என்ற என் புலம்பல் தனி.

கோப்ராக்கனவு:
அப்படியானால் 302-ஐயே கிரேட்டாக வாங்கினால்?

நட்டுபோல்ட்டு:
நான் வாங்கினேன். கையிலிருந்த பழைய ஃப்ளைவீலையே மாட்டினேன். பழைய 302-க்கு 28 அவுன்ஸ் பேலன்ஸ் (கிராங்க் அதிராமல் சுற்ற ஃப்ளைவீலில் இருக்கும் எதிரெடை), 80-களின் தொடக்கத்திலிருந்து 50. என்னுடையது 28, புது இன்ஜின் 50. ஆர்பிஎம் ஏற ஏற வண்டியே நடுங்கியது. ஒரு மாதம் மவுண்ட் ரப்பரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் கியர்பாக்ஸை மறுபடி இறக்கி ஃப்ளைவீலை மாற்ற வேண்டியதாயிற்று. கிராங்கின் முன்முனையில் இருக்கும் டாம்பரும் அதே பேலன்ஸில் இருக்க வேண்டும்.

பிஸ்டன்பித்தன்:
அது கேட்டலாக் படிக்காத தப்பு, கிரேட்டின் தப்பு இல்லை. வாரண்டி இருக்கிறதே, பழையதற்கு யார் தருவார்கள்?

கரிக்கை:
வாரண்டி பெரும்பாலும் வாங்கிய தேதியிலிருந்தே ஓட ஆரம்பிக்கும். கிட் கார் முடிய வருஷக்கணக்கில் ஆகும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே அது காலாவதி. ஷெட்டில் சும்மா கிடக்கும் இன்ஜினில் ஈரம் சேர்ந்தால் சிலிண்டர் சுவரில் துரு வேறு.

நட்டுபோல்ட்டு:
இதில் நான் கரிக்கை பக்கம். கிரேட் வாங்குவதானால் கடைசியில் வாங்குங்கள். மவுண்ட், பெல்ஹவுசிங் (கியர்பாக்ஸை இன்ஜினோடு இணைக்கும் கூடு), ஸ்டியரிங் ஷாஃப்ட் இடைவெளி பார்க்க விரிசல் விட்ட காலி பிளாக் போதும்.

பிஸ்டன்பித்தன்:
போதாது. ஹெட் இல்லாமல் எக்ஸாஸ்ட் எங்கே இடிக்கும் என்று எப்படித் தெரியும்? சம்ப்பின் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) பள்ளம் முன்னாலா பின்னாலா என்பதும் முக்கியம்.

நட்டுபோல்ட்டு:
சரி, காயலான் கடை ஹெட்டையும் சம்ப்பையும் அதிலேயே முடுக்கிவிட வேண்டியதுதான்.

கோப்ராக்கனவு:
அப்படியென்றால் அந்தப் பழைய 302-ஐ எடுத்து முதலில் அளவுக்கு உட்கார வைக்கிறேன். வண்டி முடியும்போது நன்றாக இருந்தால் அதுவே ஓடட்டும், இல்லையென்றால் கிரேட்.

பிஸ்டன்பித்தன்:
பணம் கொடுக்கும் முன்பே கம்ப்ரஷன் (ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று) பாருங்கள். எட்டு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுசாகத் திறந்து வைத்து. எட்டு சிலிண்டரின் அளவையும் இங்கே போடுங்கள், அப்புறம் சண்டையைத் தொடரலாம்.