ஜர்னலுக்கு அனுப்பிய பேப்பர் ரிவ்யூவுக்கே போகாமல் திரும்பி வருகிறது, எங்கே கோளாறு?

கேள்வி: சிவில்_பகுதிநேரம்

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதி நேரமாகப் பிஎச்டி செய்கிறேன். தலைப்பு ஜியோபாலிமர் கான்கிரீட். சிமென்ட்டே போடாமல், அனல்மின் நிலையச் சாம்பலையும் ஜிஜிபிஎஸ் என்கிற இரும்பாலைக் கசடுத் தூளையும் காரக் கரைசலில் கலந்து, ஆற்று மணலுக்குப் பதில் நொறுக்கிய கல் மணலான எம்-சாண்ட் சேர்த்து, சூடேற்றும் அடுப்பில் (oven) வைக்காமல் வெளியிலேயே வைத்து, கியூப் எனும் கனசதுரக் கட்டிகளை உடைத்துப் பார்த்தேன். வலிமை நன்றாகவே வந்தது. சித்திரை வெயிலில் போட்ட கியூபுக்கும் ஐப்பசி மழையில் போட்டதற்கும் மட்டும் ஒத்துப்போகவில்லை, அதனால் மழைக்கால பேட்ச்சை விட்டுவிட்டு மீதியை வைத்துப் பேப்பர் எழுதினேன்.

தலைப்பை "எக்ஸ்பெரிமென்டல் இன்வெஸ்டிகேஷன் ஆன் ஸ்ட்ரென்த் ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் ஜியோபாலிமர் கான்கிரீட்" என்று வைத்து நல்ல ஜர்னல் ஒன்றுக்கு அனுப்பினேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, "புதுமை போதவில்லை, எங்கள் வாசகர்களுக்குப் பொருந்தாது" என்று எடிட்டரே திருப்பி அனுப்பிவிட்டார். ரிவ்யூவர், அதாவது மதிப்பிடும் துறை நிபுணர் ஒருவர் படித்துவிட்டுக் குறை சொல்லியிருந்தால்கூட எதைத் திருத்துவது என்று தெரிந்திருக்கும். கைடு "வேறு ஜர்னலுக்கு அப்படியே அனுப்புங்கள்" என்கிறார். இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் ஒருவர், ஸ்கோபஸ் (ஜர்னல்களைப் பட்டியலிடும் தரவுத்தளம்) ஜர்னல், அக்செப்டன்ஸ் உறுதி, 35,000 ரூபாய் என்கிறார். தீசிஸ் சமர்ப்பிக்கப் பேப்பர் வேண்டும், காலமும் போய்க்கொண்டிருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பழைய_ரிவ்யூவர்

அப்படியே வேறு ஜர்னலுக்கு அனுப்பாதீர்கள் மேடம். அங்கேயும் இதே பதில்தான் வரும். கட்டுமானப் பொருள்கள் பற்றிய சில ஜர்னல்களுக்கு நான் பல வருடமாக ரிவ்யூ செய்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எடிட்டர் உங்கள் பேப்பரை முழுதாகப் படித்திருக்க வாய்ப்பில்லை. தலைப்பு, அப்ஸ்ட்ராக்ட், முன்னுரையின் கடைசிப் பத்தி, முடிவுரை, இரண்டு மூன்று படங்கள், அவ்வளவுதான் பார்ப்பார். அவர் மேசைக்கு ஜியோபாலிமர் கான்கிரீட்டின் வலிமையைச் சோதித்தோம் என்று வரும் பேப்பர்களுக்குப் பஞ்சமே இல்லை. சாம்பல் ஜியோபாலிமர் கான்கிரீட்டைப் பற்றி ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட்ஜிதோவும் ரங்கனும் 2005-லேயே விரிவான அறிக்கை போட்டாயிற்று, கசடுத் தூள் சேர்த்தால் சூடேற்றும் அடுப்பு இல்லாமலே இறுகும் என்பதும் பழைய செய்தி. அப்புறம் உங்கள் தலைப்பைப் பார்த்து அவர் என்ன முடிவெடுப்பார்? "எக்ஸ்பெரிமென்டல் இன்வெஸ்டிகேஷன் ஆன்" என்ற தொடக்கம், சோதனை செய்தோம் என்பதைத் தாண்டி எதையும் சொல்வதில்லை. என்ன கண்டுபிடித்தீர்கள் என்பது தலைப்பிலேயே தெரிய வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், வெயிலில் போட்டதும் மழையில் போட்டதும் ஒத்துப்போகவில்லை என்று. உங்கள் பேப்பரே அதுதான்! வெளியில் வைத்துப் பதப்படுத்தினோம் என்று எழுதுகிற பலர் அந்த "வெளி" எத்தனை டிகிரி, எவ்வளவு ஈரப்பதம் என்பதை எழுதுவதில்லை. ஜியோபாலிமர் வினை வெப்பத்தைச் சார்ந்தது, வெப்பநிலை இறங்கினால் மெதுவாகும், இது தெரிந்ததுதான். ஆனால் நம் ஊர்ச் சாம்பல், நம் ஊர் எம்-சாண்ட், சித்திரைக்கும் ஐப்பசிக்கும் நடுவே வலிமை எவ்வளவு மாறுகிறது, அந்தப் பின்னடைவை 90 நாளில் ஈடுகட்டிவிடுகிறதா என்ற கேள்விக்கு அளந்த எண்களோடு பதில் இருந்தால், சைட்டில் வேலை பார்க்கிற இன்ஜினியரும் தேடி வந்து படிப்பார். அந்த பேட்ச்சை விட்டுவிட்டு எழுதினால் பேப்பரும் மெலிந்துபோகிறது, நேர்மைக்கும் அது சரியல்ல. ஒத்துவராத முடிவை எடுத்துவிட்டு மீதியைக் காட்டினால் படிக்கிறவருக்குக் கிடைப்பது தவறான படம்.

முன்னுரையின் கடைசிப் பத்தியை மூன்று வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். இதுவரை என்ன தெரியும், எது தெரியாது, நான் எதை அளந்தேன். இந்த மூன்றும் தெளிவாக வராதவரை வேறெதையும் எழுத உட்காராதீர்கள். இலக்கிய ஆய்வு என்ற பெயரில் "இவர் இதைச் செய்தார், அவர் அதைச் செய்தார்" என்று வரிசையாக அடுக்குவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சோதனைப் பகுதியில் நான் தேடுவது இவைதான்: சாம்பலின் வேதிக் கூறுகள் எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனை) அட்டவணையாக இருக்கிறதா, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் செறிவு எத்தனை மோலார், சோடியம் சிலிகேட்டில் சிலிக்காவுக்கும் சோடாவுக்கும் (சோடியம் ஆக்சைடு) என்ன விகிதம், ஒவ்வொரு கலவைக்கும் எத்தனை கியூப் உடைத்தீர்கள். வெறும் சராசரியைப் போடாதீர்கள், திட்ட விலக்கத்தையும் போடுங்கள், கிராஃபில் எரர் பார் வரட்டும். இன்னொன்று, நாம் 150 மில்லிமீட்டர் கியூப் உடைக்கிறோம், அமெரிக்காவில் சிலிண்டர். ஒரே கான்கிரீட்டுக்கு சிலிண்டர் வலிமை கியூப் வலிமையில் ஏறக்குறைய 0.8 பங்குதான் வரும். கியூப் என்று எழுதாமல் 40 மெகாபாஸ்கல் என்று மட்டும் எழுதினால் வெளிநாட்டு ரிவ்யூவர் வேறு மாதிரிப் புரிந்துகொள்வார். ஐஎஸ் கோடு எனும் இந்தியத் தர விதியின் எண்ணை மட்டும் சொல்லி நகராமல் அதில் என்ன செய்யச் சொல்லியிருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அங்கே இருப்பவரிடம் நம் கோடு இருக்காது.

எம்-சாண்ட் விஷயத்தையும் சும்மா விடாதீர்கள். நொறுக்கிய கல் மணலில் 150 மைக்ரான் சல்லடை வழியே 20 சதவீதம் வரை போகலாம் என்று ஐஎஸ் 383:2016 விட்டுக்கொடுக்கிறது. அந்தத் தூள் காரக் கரைசலின் தேவையை ஏற்றும், கலவை இறுக்கமாகும். உங்கள் மணலின் சல்லடைப் பகுப்பாய்வு லேப் நோட்டில் இருந்தால் அதையும் உள்ளே கொண்டுவாருங்கள்.

பதில்: நூலகர்_மதுரை

அந்த 35,000 ரூபாய் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் நூலகத்துக்கு வரும் ஸ்காலர்கள் மாதம் தவறாமல் கேட்பது இதைத்தான். கொடுக்காதீர்கள். அக்செப்டன்ஸ் உறுதி என்று எந்த ஒழுங்கான ஜர்னலும் சொல்லாது, சொல்லவும் முடியாது, ரிவ்யூவர் என்ன சொல்வார் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

பணம் கட்டாமல் நல்ல ஜர்னலில் வரவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. எல்சவியர், ஸ்பிரிங்கர், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் போன்ற பதிப்பகங்களின் பெரும்பாலான ஜர்னல்கள் ஹைப்ரிட் வகை. ஓப்பன் ஆக்சஸ் வேண்டும் என்றால்தான் கட்டணம், சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் ஆசிரியருக்கு ஒரு பைசா செலவில்லை. அக்செப்ட் ஆன பிறகு வரும் படிவத்தில் எந்த வழி என்று கேட்பார்கள், அங்கே கவனமாக டிக் செய்யுங்கள்.

ஜர்னலைச் சரிபார்க்கும்போது விளம்பரத்தில் கொடுத்த லிங்க்கை அழுத்தாதீர்கள். உண்மையான ஜர்னலின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் திருடி அதே மாதிரி போலித் தளம் நடத்துகிறவர்கள் உண்டு. ஸ்கோபஸின் சோர்சஸ் பக்கத்தில் ஐஎஸ்எஸ்என் போட்டுத் தேடுங்கள், அதில் எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள், 2021-உடன் நின்றிருந்தால் அதன் பிறகு அந்த ஜர்னலைச் சேர்ப்பதில்லை என்று அர்த்தம். எஸ்சிஐ (சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்) வகைக்கு, அதை நடத்தும் கிளாரிவேட் நிறுவனத்தின் மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட்டில் தேடுங்கள். பட்டியலில் இருப்பது மட்டும் போதாது. ஹிந்தாவி பதிப்பகத்தை வைலி 2021-ல் வாங்கியது, 2023-ல் மட்டும் அதன் ஜர்னல்களிலிருந்து 8,000-க்கும் மேற்பட்ட பேப்பர்களைத் திரும்பப் பெற்றார்கள், காசுக்குப் போலிப் பேப்பர் தயாரித்து விற்கும் பேப்பர் மில்கள் உள்ளே புகுந்திருந்ததுதான் காரணம். அப்படித் திரும்பப் பெற்ற பேப்பர் உங்கள் பெயரில் காலத்துக்கும் நிற்கும்.

யுஜிசி ஏற்ற ஜர்னல்களின் யுஜிசி-கேர் பட்டியலில் இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் மயங்காதீர்கள், அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் யுஜிசி கைவிட்டுவிட்டது. யுஜிசியின் 2022 பிஎச்டி விதிகளில் பேப்பர் கட்டாயம் என்ற நிபந்தனையும் இல்லை, ஆனால் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்துக்கொள்ளலாம். அதனால் நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்கான விதி என்ன, எந்தப் பட்டியல் செல்லும் என்று ஆராய்ச்சி மையத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தனியார் கல்லூரி என்கிறீர்கள், ஜர்னல்களைப் படிக்கவே சிரமமாக இருக்கும். 2025-ல் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் இப்போதைக்கு அரசு நிறுவனங்களுக்குத்தான். பேப்பரின் ஆசிரியருக்கு மரியாதையாக இரண்டு வரி மெயில் போடுங்கள், பெரும்பாலும் அனுப்பிவைப்பார்கள்.

பதில்: மெக்கானிக்கல்_திருச்சி

நான் வேறு துறை, ஆனால் சப்மிட் செய்யும் சடங்கு எல்லாருக்கும் ஒன்றுதான். முதலில் அந்த ஜர்னலின் கைடு ஃபார் ஆத்தர்ஸ் பக்கத்தை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாக டிக் அடியுங்கள். எல்சவியர் என்றால் ஹைலைட்ஸ் என்று தனி ஃபைல் கேட்பார்கள், 3 முதல் 5 வரி, ஒவ்வொன்றும் இடைவெளி சேர்த்து 85 எழுத்துக்குள். சின்ன வேலை மாதிரித் தெரியும், ஆனால் 85 எழுத்துக்குள் உங்கள் கண்டுபிடிப்பைச் சொல்ல முடிகிறதா என்று பார்த்தாலே பேப்பரில் சரக்கு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நான் இப்போதெல்லாம் ஹைலைட்ஸை எழுதிவிட்டுத்தான் பேப்பரையே ஆரம்பிக்கிறேன்.

படங்கள்: எக்செல் கிராஃபை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேர்டில் ஒட்டாதீர்கள். எல்சவியரில் பக்கத்தின் ஒற்றை நெடும்பத்தி (column) அகலம் 90 மில்லிமீட்டர், அந்த அளவில் அச்சடித்துப் பாருங்கள், கிராஃபின் அச்சுக்கோடுகளில் இருக்கும் எண்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் எழுத்தளவை ஏற்றுங்கள். கோட்டுப் படத்தை, பெரிதாக்கினாலும் மங்காத வெக்டராகக் கொடுங்கள், முடியாவிட்டால் 1000 டிபிஐ. புகைப்படத்துக்கு 300 போதும். நிறத்தை மட்டும் நம்பாமல் கோட்டுக்குக் கோடு குறியை மாற்றுங்கள், கறுப்பு வெள்ளையில் அச்சடித்துப் படிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கவர் லெட்டர் அரைப் பக்கம் போதும். அப்ஸ்ட்ராக்டை அப்படியே ஒட்டாமல், என்ன கண்டோம், அது ஏன் இந்த ஜர்னலின் வாசகருக்கு வேண்டும் என்று எழுதுங்கள், முடிந்தால் அதே ஜர்னலில் சமீபத்தில் வந்த ஒரு பேப்பரோடு தொடர்புபடுத்துங்கள். ரிவ்யூவர் பெயர் கேட்டால் கைடின் நண்பரைப் போடாதீர்கள், நீங்கள் மேற்கோள் காட்டிய ஆட்களில் உங்களோடு சேர்ந்து எழுதாதவர்களைப் போடுங்கள், அவர்களின் நிறுவன மெயில் முகவரியோடு. ஜிமெயில் கொடுத்தால் எடிட்டருக்குச் சந்தேகம் வரும்.

ஒரே நேரத்தில் இரண்டு ஜர்னலுக்கு அனுப்புவது கூடவே கூடாது. சப்மிட் செய்த பின் "வித் எடிட்டர்" என்று வாரக்கணக்கில் நிற்கும், பயப்படாதீர்கள், ரிவ்யூ செய்ய ஆள் கிடைக்காமல் எடிட்டரும் அலைந்துகொண்டிருப்பார். மூன்று மாதம் தாண்டினால் பணிவாக ஒரு மெயில் போடலாம்.

சிவில்_பகுதிநேரம்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. மழைக்கால பேட்ச்தான் பேப்பர் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை, நேற்று ராத்திரி லேப் நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு சந்தேகம். அந்த பேட்ச்சில் 7 நாளுக்கும் 28 நாளுக்கும்தான் கியூப் இருந்தது, 90 நாளுக்கு இல்லை, வெப்பநிலையையும் அப்போது குறித்துவைக்கவில்லை. இது இல்லாமல் எழுதலாமா? அப்புறம் என் ஆங்கிலம் சுமார்தான், ஏஐ வைத்துத் திருத்தினால் பிரச்சினை வருமா? சிமிலாரிட்டி (மற்ற எழுத்துகளோடு ஒத்துப்போகும் அளவு) 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்களே, அதற்காக ஒரு சாஃப்ட்வேரில் போட்டு வார்த்தைகளை மாற்றித் தருகிறோம் என்றும் ஒரு கடைக்காரர் சொல்கிறார்.

பதில்: நூலகர்_மதுரை

வார்த்தை மாற்றும் சாஃப்ட்வேர் பக்கமே போகாதீர்கள். ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்பதை "கவுண்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்" என்று மாற்றிவைத்த பேப்பர்களை 2021-ல் பிரான்சைச் சேர்ந்த கபனாக், லபே ஆகியோரின் குழு வரிசையாகப் பிடித்து வெளியிட்டது, இன்று அப்படிப்பட்ட விசித்திரச் சொற்களைத் தேடிப் பிடிக்கத் தனிக் கருவியே இருக்கிறது. யுஜிசியின் 2018 விதியில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, அது சரி, ஆனால் எடிட்டர் சதவீதத்தைவிட எந்த இடத்தில் ஒத்துப்போகிறது என்றுதான் பார்ப்பார். சோதனை முறையில் நான்கு வரி ஒத்துப்போனால் யாரும் கவலைப்பட மாட்டார்கள், முடிவுரையில் ஒரு பத்தி ஒத்துப்போனால் கதை முடிந்தது. உங்களுடைய பழைய கான்ஃபரன்ஸ் பேப்பரிலிருந்து எடுத்தாலும் அதை மேற்கோள் காட்டிவிடுங்கள்.

ஆங்கிலத்தைத் திருத்த ஏஐ பயன்படுத்துவதை எல்சவியர் அனுமதிக்கிறது, பயன்படுத்தியதை அதற்கான அறிவிப்பில் சொல்லிவிட வேண்டும், ஏஐயை ஆசிரியராகப் போடக்கூடாது. திருத்தியதை நீங்கள் ஒருமுறை எண்ணுக்கு எண் சரிபாருங்கள், மேற்கோள்களை அதனிடம் கேட்டு வாங்காதீர்கள், இல்லாத பேப்பரை இருப்பதாகச் சொல்லும்.

பதில்: பழைய_ரிவ்யூவர்

90 நாள் முடிவு இல்லாமல் இப்போதே அனுப்ப வேண்டாம் மேடம். காலம் போகிறது என்பது புரிகிறது, ஆனால் நான் ரிவ்யூவராக இருந்தால் முதலில் கேட்பது அதைத்தான், மேஜர் ரிவிஷன் என்று வந்து அப்போது கியூப் போட்டால் இன்னும் தாமதம்.

அடுத்த ஐப்பசி வரை காத்திருக்கவும் தேவையில்லை. அதே சாம்பல், அதே கசடுத் தூள் மிச்சம் இருந்தால், கலவையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, லேபில் ஒரு தொகுதியை 20 டிகிரியிலும் இன்னொன்றை 35 டிகிரியிலும் வைத்து 7, 28, 90 நாளில் உடையுங்கள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று கியூப். ஈரப்பதத்தையும் குறித்துவாருங்கள். மழைக்கால பேட்ச்சின் 7, 28 நாள் முடிவுகளை அப்படியே அட்டவணையில் போட்டு, அன்றைய வெப்பநிலை லேபில் அளக்கப்படவில்லை, வானிலை மையப் பதிவிலிருந்து எடுத்தது என்று அடியில் வெளிப்படையாக எழுதுங்கள். அதற்காக யாரும் பேப்பரைத் தள்ள மாட்டார்கள், மறைத்தால்தான் தள்ளுவார்கள்.

கியூப் காத்திருக்கும் மூன்று மாதத்தில் முன்னுரை, சோதனை முறை, எக்ஸ்ஆர்எஃப் அட்டவணை, படங்கள் எல்லாம் முடிந்துவிடும். கைடிடம் புதுத் தலைப்பைக் காட்டிவிட்டு, முன்னுரையின் அந்தக் கடைசிப் பத்தியை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.