இரண்டரை வருஷ இடைவெளிக்குப் பிறகு ரேஸ்: 14 வாரம் போதுமா?

கடல்காத்து
எல்லாருக்கும் வணக்கம். இரண்டரை வருஷமா சைக்கிள் சுவத்துல தொங்குது. வயசு 37, எடை 74 கிலோ (ரேஸ் ஓட்டினப்ப 68). அப்போ எஃப்.டி.பி. (ஒரு மணி நேரம் போல விடாம மிதிக்க முடியற உச்ச சக்தி) 265 வாட். போன ஞாயிறு ட்ரெய்னர்ல (சைக்கிளை மாட்டி வீட்டுக்குள்ளயே மிதிக்கிற ஸ்டாண்டு) 20 நிமிஷ டெஸ்ட் போட்டா சராசரி 205 தான். 14 வாரம் கழிச்சு ஈ.சி.ஆர்.ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) ரெண்டு நாள் போட்டி: முதல் நாள் 20 கி.மீ. டைம் ட்ரையல் (ஒவ்வொருத்தரா தனியா ஓட்டி நேரம் பாக்கறது), மறுநாள் 60 கி.மீ. ரோடு ரேஸ். வாரத்துக்கு 7 மணி நேரம் ஒதுக்க முடியும். அலுமினியம் ஃப்ரேம், ஷிமானோ 105 பதினோரு ஸ்பீடு கியர், ஹைட்ராலிக் டிஸ்க், டியூப்லெஸ் டயர். எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்? ரெண்டு போட்டிக்கும் பேர் குடுக்கலாமா?

நிதானவண்டி
முதல் வேலை, சைக்கிள் கம்ப்யூட்டரில் இருக்கும் 265-ஐ அழித்துவிடுங்கள். 205-இல் 95 சதவீதம் எடுத்தால் இன்றைய எஃப்.டி.பி. 195. பழைய கணக்கில் 190 வாட் என்பது 72 சதவீதம், பேசிக்கொண்டே ஓட்டும் வேகம். இன்று அதே 190 உங்களுக்கு 97 சதவீதம். பழைய எண்ணை வைத்துக்கொண்டு "ஈசி ரைடு" போகிறவர்கள் தினமும் த்ரெஷோல்டில் (எஃப்.டி.பி. எல்லையில்) ஓட்டிவிட்டு, மூன்றாவது வாரம் தூக்கம் கெட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

1 முதல் 4 வாரம்: நான்கரை மணி நேரத்தில் தொடங்கி, வாரம் அரை மணி கூட்டுங்கள். நான்காவது வாரம் மறுபடி நான்கரைக்கு இறக்குங்கள். எல்லாமே 110 முதல் 145 வாட்டுக்குள், கேடன்ஸ் (நிமிஷத்துக்கு மிதிக்கும் சுற்று) 85-95. வாரம் ஒரு நாள் மட்டும் 8 நொடி ஸ்பிரிண்ட் ஐந்தாறு, நடுவில் 4 நிமிஷம் இடைவெளி. வேறு இன்டர்வெல் (விட்டு விட்டு வேகமாக மிதிப்பது) வேண்டாம்.

இங்கேதான் ஏமாறுவோம். ஓட்ட ஆரம்பித்த இரண்டு வாரத்திலேயே ரத்தத்தில் பிளாஸ்மாவின் அளவு கூடும், நாடித்துடிப்பு இறங்கும், மூச்சு வாங்குவது குறையும். "பழைய ஃபார்ம் வந்துடுச்சு" என்று தோன்றும். மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள் அந்த வேகத்தில் பலப்படுவதில்லை, அவற்றுக்கு மாதக்கணக்கு வேண்டும். மூச்சு தயார், முட்டி தயாரில்லை. முட்டிவலிப் புகார் அதிகம் வருவது நாலாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள்தான். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு அல்லது கனமான கியர். பின்பக்கம் வலித்தால் சீட் அதிக உயரம்.

சீட்டைப் பழைய அளவிலிருந்து 5 மி.மீ. இறக்கி ஆரம்பியுங்கள். இத்தனை நாள் நாற்காலியில் உட்கார்ந்ததில் பின்தொடை இறுகியிருக்கும். வாரம் 2 மி.மீ. வீதம் ஏற்றிக்கொள்ளலாம்.

நாலாவது வாரக் கடைசியில் மறு டெஸ்ட். 5-8 வாரம், புது எண்ணில் 88-93 சதவீதத்தில் 15 நிமிஷம் இரண்டு தடவை, பிறகு மூன்று தடவை. வாரத்துக்கு இரண்டு நாள் போதும். 9-12 வாரம், 110-115 சதவீதத்தில் 3 நிமிஷம் ஐந்து தடவை. எட்டும் பன்னிரண்டும் லேசான வாரங்கள். கடைசி இரண்டு வாரம் நேரத்தைப் பாதியாக்குங்கள், தீவிரத்தைக் குறைக்காதீர்கள்.

எடையைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஈ.சி.ஆர். தட்டையான ரோடு, ஏலகிரி இல்லை. பட்டினி கிடந்தால் போவது வாட் மட்டும்தான். போட்டி: டைம் ட்ரையல் மட்டும் ஓட்டுங்கள் என்பேன்.

ஸ்பேனர்செட்
உடம்பை நிதானவண்டி பாத்துக்கிட்டார். நான் வண்டிக்கு வரேன்.

சீலண்ட் (டியூப்லெஸ் டயருக்குள்ள ஊத்தற, ஓட்டையை அடைக்கிற திரவம்) ரெண்டு மூணு மாசத்துலயே காயும். உங்க டயருக்குள்ள இப்போ ரப்பர் தோல்தான் இருக்கும். உரிச்சு எடுத்துட்டு, ரிம் டேப் ஓரம் தூக்கியிருக்கான்னு பாருங்க. பக்கவாட்டுல வெடிப்பு இருந்தா டயரே மாத்தணும். 28 மி.மீ.க்கு முன்னாடி 65, பின்னாடி 70 பி.எஸ்.ஐ. போதும்.

செயினுக்கு தேய்மான கேஜ் போடுங்க. பதினோரு ஸ்பீடுக்கு 0.5 சதவீத நீட்சி தாண்டினாலே மாத்திடணும். 0.75 வரைக்கும் இழுத்தா கேசட்டையும் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) சேத்துத் தின்னுடும். புது செயின் பழைய கேசட்ல அழுத்தி மிதிக்கிறப்ப எகிறுதுன்னா கேசட் போச்சுன்னு அர்த்தம். ஸ்பிரிண்ட்ல எழுந்து நிக்கிறப்ப அப்படி ஆனா நேரா டாப் ட்யூப் மேல விழுவீங்க.

பிரேக் லீவர் ஸ்பாஞ்ச் மாதிரி இருந்தா ப்ளீட் பண்ணணும், அதாவது லைன்ல இருக்கற காத்தை வெளியேத்தணும். உங்களது ஷிமானோ, அதுக்கு மினரல் ஆயில் மட்டும்தான். கடைக்காரர் டாட் ஃப்ளூயிட் (கார், பைக் பிரேக் ஆயில்) எடுத்தா கையப் பிடிங்க, சீல் எல்லாம் ஊதிப்போயிடும்.

இதெல்லாம் எல்லாரும் பாக்கறது. யாரும் பாக்காதது பார் டேப்புக்கு (ஹேண்டில்பார் மேல சுத்தியிருக்கற டேப்) உள்ள. ட்ரெய்னர் வியர்வையும் கடற்கரை உப்பும் டேப்புக்குள்ள இறங்கி அலுமினியம் ஹேண்டில்பாரை அரிக்கும். லீவர் கிளாம்ப் பக்கம் டேப்பைப் பிரிச்சுப் பாருங்க. அப்படியே ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கற துண்டு) கழட்டி, ஹேண்டில் திரும்பற இடத்துல இருக்கற மேல் ஹெட்செட் பேரிங்கை விரலால சுத்துங்க, கரகரன்னா அதுவும் போகணும்.

டிராஃப்ட்ராஜா
டைம் ட்ரையல் மட்டும்னு சொன்னதுல எனக்கு உடன்பாடு இல்ல. ரெண்டுக்கும் பேர் குடுங்க. கூட்டத்துல ஒளிஞ்சு ஓட்டினா அதே வேகத்துக்கு 30 சதவீதம் வரைக்கும் குறைச்சலா மிதிச்சா போதும். 195 வாட் ஆளுக்கு அதுதான் வசதி. ஆனா கூட்டத்துல ஓட்டற கை பழகணும், அது ட்ரெய்னர்ல வராது. ஆறாவது வாரத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை குரூப் ரைடு, முதல் ரெண்டு தடவை வால்லயே இருங்க. முன்சக்கரம் முன்னாடி போறவரோட பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டுல ஏறவே கூடாது. அவர் லேசா ஒதுங்கினா விழறது நீங்கதான், அவர் இல்ல. பார்வை டயர் மேல வேண்டாம், ரெண்டு ஆள் தள்ளி தோள் மேல இருக்கட்டும்.

அப்புறம் காத்து. மாமல்லபுரம் நோக்கிப் போறப்ப கடல் இடது பக்கம். கடல்காத்து எழும்பிட்டா ஒதுங்கறதுக்கு வலப்பக்கம், ரோட்டு நடுவுல இடம் கிடைக்கும். திரும்பி வர்றப்ப காத்து வலப்பக்கத்துலேர்ந்து. ஒதுங்கற இடம் இடது ஓரம், அதாவது மணலும் கண்ணாடித் துண்டும் கிடக்கற ஓரம். கூட்டம் கிழியறது அங்கதான். யூ டர்னுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடியே முதல் பத்துப் பேருக்குள்ள வந்துடுங்க.

தண்ணி: 750 மி.லி. பாட்டிலுக்கு 45 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. மணிக்கு ஒரு பாட்டில். ரைடுக்கு முன்னாடி பின்னாடி எடை பாருங்க. ஒரு கிலோ குறைஞ்சா ஒரு லிட்டர் வியர்வை கணக்கு. குடிச்சதையும் அதோட கூட்டிக்கணும்.

நிதானவண்டி
ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. பத்தாவது வாரத்துக்குள் நாலு குரூப் ரைடாவது முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 60 பேர் நடுவில் போய் நிற்காதீர்கள், மற்றவர்களுக்கும் ஆபத்து.

கடல்காத்து
மூணு பேருக்கும் நன்றி. ஸ்பேனர்செட் அண்ணா, டேப்பைப் பிரிச்சேன். வலது லீவர் கிளாம்ப் கிட்ட வெள்ளையா மாவு மாதிரி இருக்கு, சுரண்டினா அடியில சின்னச் சின்னக் குழி. உப்புத்தாள் போட்டு தேய்ச்சா போதுமா?

ஸ்பேனர்செட்
தேய்க்காதீங்க தம்பி, பாரை மாத்துங்க. மேலாக மாவு மட்டும்னா துடைச்சுட்டு விட்டிருக்கலாம். குழி விழுந்த இடத்துலேர்ந்துதான் விரிசல் ஓடும், உடையறப்ப முன்னறிவிப்பே இருக்காது. கிளாம்ப் விட்டமும் அகலமும் பழைய பார் அளவிலேயே வாங்குங்க. ஸ்டெம் போல்ட்டை டார்க் ரெஞ்ச் (இறுக்கற அளவைக் காட்டற ஸ்பேனர்) வெச்சு, ஸ்டெம் மேல அச்சடிச்சிருக்கற அளவுக்கு மேல போகாம, குறுக்கு மூலையா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. புது பார் வர்ற வரைக்கும் ட்ரெய்னர்லயும் பழைய பாரைப் பிடிச்சு எழுந்து நிக்காதீங்க.