கார் விக்கிறேன், பணத்தை எப்படி பத்திரமா வாங்குறது?

குரோம்பேட்டை ஸ்விஃப்ட்:
வணக்கம் மக்களே. நம்ம 2014 ஸ்விஃப்ட் டீசல், டிஎன் 22 நம்பர், சிங்கிள் ஓனர், விக்கலாம்னு போட்டிருந்தேன். கன்சல்டிங்ல (பழைய கார் வாங்கி விக்கற கடை) அடிமாட்டு விலைக்கு கேட்டாங்க, அதான் நேரா பார்ட்டிக்கே குடுத்துடலாம்னு முடிவு. திருவள்ளூர்லேருந்து ஒருத்தர் மெக்கானிக்கோட வந்து ஒரு மணி நேரம் பானெட்டுக்குள்ளயே தலைய விட்டுட்டு இருந்தாரு, கடைசியா 3,40,000க்கு முடிஞ்சுது, 5,000 டோக்கன் ஜிபேல வந்துடுச்சு.

இப்ப அவர் சொல்றது, ஞாயித்துக்கிழமை ராகு காலம் முடிஞ்சு ஆறு மணிக்கு மேல வந்து வண்டிய எடுத்துக்கறாராம். பணம் பாதி கேஷ், மீதி அவர் மச்சான் அக்கவுண்ட்லேருந்து. அது வேணாம்னா பேங்க்ல டிடி (டிமாண்ட் டிராஃப்ட்) எடுத்துட்டு வரட்டுமாங்கறாரு. ஆளு பாத்தா நல்ல மாதிரிதான் தெரியுது. ஆனா வீட்டம்மா "நல்ல மாதிரி தெரியறவன்தான் ஏமாத்துவான்"னு காலையிலேருந்து அதையே சொல்லிட்டு இருக்கா. வண்டி வித்த அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க, எப்படி வாங்கறது?

வடபழனி வாசி:
ப்ரோ, ஆர்டிஜிஎஸ் (அக்கவுண்ட்லேருந்து அக்கவுண்ட்டுக்கு பெரிய தொகை அனுப்பற முறை) கேளுங்க, அவ்ளோதான். 2 லட்சத்துக்கு மேல எவ்ளோ வேணா போடலாம், 2020 டிசம்பர்லேருந்து 24 மணி நேரமும் ஓடுது, ஞாயித்துக்கிழமையும் போகும். யுபிஐல சாதாரணமா ஒரு நாளைக்கு 1 லட்சம்தான் போகும், அத நம்பி உக்காந்தா மூணு நாலு நாள் இழுக்கும்.

ஒரு விஷயம் மட்டும் முன்னாடியே பாத்துக்கோங்க. போன வருஷம் நான் ஐ10 வித்தப்ப, பார்ட்டி வந்து வண்டியெல்லாம் சுத்தி வந்து மாலை கூட வாங்கிட்டு வந்துட்டாங்க, பணம் போடறப்பதான் என் அக்கவுண்ட்ட ஆட் பண்ணாங்க, புது பெனிஃபிஷியரிக்கு முதல் 24 மணி நேரம் 50,000க்கு மேல போகாதுன்னு அவங்க ஆப் சொல்லிடுச்சு. மூணு ரவுண்டு டீ குடிச்சதுதான் மிச்சம், மறுநாள் திரும்ப வந்தாங்க. அதனால உங்க அக்கவுண்ட் நம்பர், ஐஎஃப்எஸ்சி ரெண்டையும் முந்தின நாளே குடுத்து ஆட் பண்ண சொல்லி, 1 ரூபா அனுப்ப சொல்லுங்க. அந்த 1 ரூபா யார் பேர்ல வருதுன்னு பாத்தாலே பாதி விஷயம் புரிஞ்சிடும்.

டி.நகர் தாத்தா:
முப்பத்தி நாலு வருஷம் பேங்க்ல வேலை பாத்தவன் சொல்றேன் தம்பி, அவர் கொண்டு வர டிடிய வாங்காதீங்க. கலர் பிரிண்டர்ல அச்சு அசலா அடிச்சு குடுத்து கேஷியரே ஏமாந்ததுண்டு. 2018 செப்டம்பர்லேருந்து டிடி எடுக்கறவங்க பேரும் அதுலயே பிரிண்ட் ஆகுது, அது இல்லன்னா கைலயே தொடாதீங்க, ஆனா இருந்தாலும் அது ஒரிஜினல்னு ஆயிடாது. டிடிதான் வேணும்னு நின்னாருன்னா அவர் கூடவே அவர் பிராஞ்சுக்கு போயி, கவுண்டர்ல உங்க கண்ணு முன்னாடி எடுத்துக் குடுக்க சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலமும் வேணாம், பணம் போகாதுன்னு இல்ல, சந்தேகம் வந்தா கேக்கறதுக்கு பேங்க்ல ஆள் இருக்க மாட்டாங்க.

செக்கும் அப்படித்தான். போட்ட உடனே அக்கவுண்ட்ல என்ட்ரி தெரியும், கிளியர் ஆகிற வரைக்கும் அது உங்க பணம் இல்ல. திரும்பி வந்தா செக் பவுன்ஸ் கேஸ் போடலாம்தான், வண்டி அதுக்குள்ள எந்த ஊர்ல இருக்கும்னு யாருக்கு தெரியும்.

மச்சான் அக்கவுண்ட் விஷயம்தான் எனக்கு சுத்தமா பிடிக்கல. யாரோ ஒருத்தர ஏமாத்தி எடுத்த பணம் கை மாறி உங்க அக்கவுண்ட்டுக்கு வந்துச்சுன்னு வைங்க, போலீஸ் அந்தப் பணம் போன வழியப் புடிச்சுக்கிட்டே வந்து உங்க அக்கவுண்ட்டயும் முடக்கச் சொல்லும். நீங்க கார் வித்த காசுதான்னு நிரூபிக்கற வரைக்கும் பால்காரருக்கு கூட பணம் எடுக்க முடியாது. யார் பேர்ல வண்டி மாறுதோ அவங்க அக்கவுண்ட்லேருந்துதான் பணம் வரணும், மச்சான் உதவி பண்றார்னா வாங்கறவருக்கு அனுப்பட்டும், வாங்கறவர் உங்களுக்கு அனுப்பட்டும்.

பழைய பைக் பாண்டி:
எதுக்கு இவ்ளோ குழப்பம், கேஷ்தான் ராஜா. மீதி 3.35 லட்சத்த கட்டா வாங்கி எண்ணி பீரோல வெச்சுட்டு சாவிய குடுத்துட்டு போங்க, எந்த மெசேஜும் வேணாம் எந்த ஆப்பும் வேணாம்.

டி.நகர் தாத்தா:
பாண்டி, அது தப்புப்பா. 2017 ஏப்ரல்லேருந்து ஒரே டீலுக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கக் கூடாது. வாங்குனா எவ்ளோ வாங்குனோமோ அவ்ளோவும் அபராதம், அதுவும் குடுத்தவருக்கு இல்ல, வாங்குனவருக்கு. இன்னிக்கு பாதி நாளைக்கு பாதின்னு பிரிச்சாலும் டீல் ஒண்ணுதானே. அதோட சாயங்காலம் ஆறு மணிக்கு மேல டியூப்லைட் வெளிச்சத்துல 500 ரூபா கட்டுல கள்ள நோட்டு எப்படி கண்டுபிடிப்ப?

வேளச்சேரி வெள்ளம்:
நான் ஏமாந்த கதைய சொல்றேன், சிரிக்காதீங்க. கார் இல்ல, ஸ்கூட்டர், 42,000. வாங்க வந்த பையன் என் முன்னாடியே போன்ல தட்டுனான், பச்சை டிக் வந்த ஸ்க்ரீன காட்டுனான், அதே நேரம் என் போனுக்கும் "கிரெடிட் ஆயிடுச்சு"ன்னு எஸ்எம்எஸ் வந்துச்சு, பேங்க் அனுப்பற மாதிரியே, என் அக்கவுண்ட் கடைசி நாலு நம்பரோட. ரசீதுல எழுதிக்கறேன்னு நாலு நம்பர அஞ்சு நிமிஷம் முன்னாடி அவனே கேட்டு வாங்குனது அப்ப எனக்கு உறைக்கல. வண்டி போன அப்புறம் பேலன்ஸ் பாத்தா பழைய பேலன்ஸ்தான் இருக்கு. உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணேன், கம்ப்ளைன்ட் எடுத்துக்கிட்டாங்க. ஆனா என் அக்கவுண்ட்லேருந்து பணம் எதுவும் போகலையே, நிறுத்தி வைக்க என்ன இருக்கு, போனது வண்டி. ஸ்டேஷனுக்கு போயி எழுதிக் குடுத்தேன், இன்னும் வண்டி வரல.

ஸ்க்ரீன்ஷாட், எஸ்எம்எஸ், யுடிஆர் நம்பர் (பணம் அனுப்பினதுக்கு பேங்க் குடுக்கற நம்பர்) எதையும் நம்பாதீங்க. நீங்களே உங்க ஆப்ப தொறந்து பேலன்ஸ் ஏறியிருக்கான்னு பாருங்க. பணம் வர்றதுக்கு க்யூஆர் ஸ்கேன் பண்ணு, பின் நம்பர் போடுன்னு எவன் சொன்னாலும் போன வெச்சுடுங்க. பின் போட்டா பணம் போகும், வராது.

வடபழனி வாசி:
இன்னொண்ணு, பணம் ஏறின பிறகுதான் ஆர்சில பேர் மாத்தற ஃபார்ம் 29, 30ல கையெழுத்து போடுங்க, வாங்கறவர் பேர் எழுதாத வெத்து ஃபார்ம்ல போடவே போடாதீங்க. விக்கறவங்களும் 14 நாளைக்குள்ள ஆர்டிஓவுக்கு தெரிவிக்கணும், பேர் மாறலன்னா நாளைக்கு அவர் எங்கயாவது இடிச்சாலும் ஆர்சில பேர் இருக்கறவர்தான் நஷ்ட ஈடு கட்டணும்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. டெலிவரி சீட்டுல தேதி மட்டும் போதாது, மணியும் கிலோமீட்டரும் எழுதுங்க.

குரோம்பேட்டை ஸ்விஃப்ட்:
எல்லாருக்கும் நன்றி, வண்டி போயிடுச்சு. போன் பண்ணி ஞாயிறு வேணாம், திங்கக்கிழமை பதினோரு மணிக்கு என் பேங்க் பிராஞ்சுக்கே வாங்கன்னு சொன்னேன், கொஞ்சம் குரல் மாறுன மாதிரி இருந்துச்சு, அப்புறம் "அதுவும் நல்லதுதான் சார், எனக்கும் பயம்தான், நீங்க பணத்த வாங்கிட்டு வண்டி தரலன்னா?"ன்னாரு. அந்தப் பக்கத்த நான் யோசிக்கவே இல்ல. மச்சான் பணத்த முதல்ல தன் அக்கவுண்ட்டுக்கு வாங்கி, சனிக்கிழமையே 1 ரூபா அனுப்பினாரு, ஆதார்ல இருக்கற அதே பேர். திங்கக்கிழமை ஆர்டிஜிஎஸ், அஞ்சு நிமிஷத்துல ஏறிடுச்சு, சரியா 3,34,999. அந்த 1 ரூபாய கழிச்சிட்டாரு மனுஷன்!

சாவி ரெண்டு, ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் ஞாபகமா குடுத்தேன், ஃபாஸ்டேக்க மட்டும் மறந்துட்டேன். ஒரு மணி நேரத்துல வானகரம் டோல்ல என் காசு கழிஞ்ச மெசேஜ் வந்துச்சு. அவருக்கு போன் பண்ணா "ஸ்டிக்கர இப்பவே பிச்சுடறேன் சார்"ங்கறாரு, நானும் ஆப்ல அத க்ளோஸ் பண்ண போட்டுட்டேன்.