மாணவர்களை ஐஸ்லாந்துக்குக் கூட்டிப்போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கருங்கல்:

வணக்கம். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் புவியியல் சொல்லித்தருகிறேன். இரண்டு முறை மாணவர்களை ஐஸ்லாந்துக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். அடுத்த வருடம் முதல்முறையாகப் போகவிருக்கும் தோழி ஒருவர் தன் பயணத் திட்டத்தைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். நான் முதல் தடவை செய்த தப்பு அத்தனையும் அதில் வரிசையாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த முதல் பயணம் மார்ச் மாதம். 22 மாணவர்கள், ஏழு நாள். வரைபடத்தை விரித்துவைத்து நாளுக்கு நாலு இடம் என்று நிரப்பியிருந்தேன். ரெய்க்யவிக்கிலிருந்து யோக்குல்சார்லோன் பனிக்கட்டி ஏரிக்குப் போய் அன்றைக்கே திரும்புவதாகவும் ஒரு நாள் வைத்திருந்தேன். ஒரு வழிக்கே ஏறக்குறைய 370 கிலோமீட்டர். பஸ் ஓட்டுநர் தாளை வாங்கிப் பார்த்தார். "பொதுவாக ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் நான் ஓட்டலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும், அது சட்டம். அது போகட்டும், காற்றைப் பற்றி இதில் ஒன்றுமே இல்லையே?" என்றார்.

குளிரைப் பற்றி யோசித்திருந்தேன். காற்றைப் பற்றி யோசிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் வீக் கிராமத்தில் இருந்தபோது வானிலைத் துறையின் ஆரஞ்சு எச்சரிக்கை வந்தது. திரும்பும் வழி எயாஃபியாத்லயோகுத் மலையடிவாரம். 2010இல் சாம்பலைக் கக்கி ஐரோப்பாவின் விமானங்களை நிறுத்திய அதே எரிமலைதான். அங்கே காற்று மலையிலிருந்து இறங்கிச் சாலையின் குறுக்கே அறையும். 1ஆம் எண் சாலையை மூடிவிட்டார்கள். இரண்டு இரவு வீக்கிலேயே கிடந்தோம். பிள்ளைகளை மூன்று விடுதிகளில் பிரித்துத் தங்கவைத்தேன். அந்தச் செலவுக்குப் பட்ஜெட்டில் ஒரு பைசா ஒதுக்கியிருக்கவில்லை.

அதைவிட என்னை உலுக்கியது பெட்ரோல் பங்க்கில் நடந்தது. சாமான் ஏற்றிவந்த சின்ன வேனின் கதவை ஒரு மாணவி சாதாரணமாகத் திறந்தாள். காற்று கதவைப் பிடுங்கி முழுக்கப் பின்னால் மடக்கிவிட்டது. கீல் வளைந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்ல காலம். வண்டியைக் காற்றைப் பார்த்து நிறுத்த வேண்டும், கதவை இரண்டு கையாலும் பிடித்தபடி திறக்க வேண்டும். அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நான் தயாரித்த இருபது பக்க ஆபத்து மதிப்பீட்டில் அது இல்லை. வாடகை வண்டி இன்ஷூரன்ஸும் பெரும்பாலும் இந்தச் சேதத்துக்குப் பணம் தராது, கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை எட்டு நாள். தங்குமிடம் இரண்டே இரண்டு. ஒரு நாளை ஒன்றுமே எழுதாமல் காலியாக விட்டேன். வெளியே போக முடியாத நாளுக்கென்று ஹெத்லிஸ்ஹெய்தி புவிவெப்ப மின்நிலையத்தைக் கையில் வைத்திருந்தேன். அங்கே கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பூமிக்கடியில் பசால்ட் என்னும் எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். இரண்டு ஆண்டுக்குள் அதில் பெரும்பகுதி கல்லாகிவிடுகிறது. துளையிட்டு எடுத்த பாறைத் துண்டைக் காட்டினார்கள். கறுப்புக் கல், அதன் துளைகளுக்குள் உப்புப் படிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கால்சைட், அதாவது கல்லாகிவிட்ட அந்த வாயு. வகுப்பில் பத்து முறை படம் போட்டுக் காட்டியும் புரியாதது அந்தத் துண்டைக் கையில் வாங்கியதும் புரிந்துவிட்டது.

ஆனால் பயணம் பலித்தது சோல்ஹெய்மயோகுத் பனியாற்றில்தான். 2010 முதல் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் அது எவ்வளவு உருகிப் பின்வாங்கியிருக்கிறது என்று அளந்துவருகிறார்கள். இதைச் சொன்னதும் எங்கள் பையன் ஒருவன், "அப்படியென்றால் நாமும் அளக்கலாமே சார்" என்றான். பனி இருந்த இடத்தில் இப்போது ஏரி, நாடாவைப் பிடித்து அளக்க வழியில்லை. லேசர் கருவியை எடுத்தோம். மூன்று மணி நேரம் போனது. அன்றைக்குப் பார்க்க வேண்டிய இரண்டு அருவிகளை விட்டோம். யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

மழைக்காலம்:

கருங்கல் சார், விசாவைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் குழுவில் 18 பேர், அதில் ஐந்து பேர் இந்திய, நைஜீரிய பாஸ்போர்ட். பிரிட்டனில் படிக்கும் விசா இருந்தால் ஐஸ்லாந்துக்குப் போதாது, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தனியாக வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். நாங்களோ மாணவர்கள் பணம் கட்டும் கடைசித் தேதியையே பயணத்துக்கு ஆறு வாரம் முன்னால்தான் வைத்திருந்தோம். அதற்குள் விண்ணப்ப மையத்தில் இடம் கிடைக்காமல் ஒரு மாணவி வர முடியாமல் போய்விட்டது. அவள் தவறே இல்லை, எங்கள் தவறு. விமான டிக்கெட்டுக்கு முன்னால் பாஸ்போர்ட் பட்டியலை எடுங்கள்.

இன்னொன்று, அங்கே மது வாங்க 20 வயது ஆக வேண்டும். இங்கே 18. முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கிளம்பும் முன்பே சொல்லிவிட்டால் அங்கே போய் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

செம்மண்:

நான் பெண் ஆசிரியை, அதனால் இதை நான்தான் சொல்ல வேண்டும். ஊர் நீச்சல் குளத்துக்கு ஒரு மாலை கூட்டிப்போவது நல்ல யோசனை, அந்த ஊர்க்காரர்கள் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்துதான் ஊர்க்கதை பேசுவார்கள். ஆனால் உள்ளே இறங்கும் முன் உடையில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும், பொது அறையில். எங்கள் மாணவிகள் இருவர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒருத்திக்குக் கண்ணில் தண்ணீர். சில குளங்களில் மறைப்புள்ள அறை உண்டு. முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள், வராதவர்களுக்கு வேறு ஏற்பாடு வையுங்கள்.

சந்தோஷமான விஷயமும் ஒன்று. விடுதியில் என் பாஸ்போர்ட்டைப் பார்த்த பெண், "இது குடும்பப் பெயரா?" என்று கேட்டார். இல்லை, அப்பா பெயர் என்றேன். "எங்களுக்கும் அப்படித்தான்!" என்று சிரித்தார். யோன் என்பவரின் மகன் யோன்சோன், மகள் யோன்ஸ்தோத்திர். ஜனாதிபதியைக் கூட முதற்பெயரால்தான் கூப்பிடுவார்களாம். எத்தனையோ நாட்டுப் படிவங்களில் 'குடும்பப் பெயர்' கட்டத்தில் முழித்திருக்கிறேன். அங்கே மட்டும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் காலி நாளில் என்ன செய்தீர்கள் என்று கருங்கல் சார் சொல்லவேயில்லையே?

கருங்கல்:

காற்று எதுவும் இல்லை, நல்ல வெயில். எங்கே போகலாம் என்று பிள்ளைகளிடமே கேட்டேன். நேற்று எடுத்த அளவுகளில் இரண்டு ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை, மறுபடியும் பனியாற்றுக்கே போகலாம் என்றார்கள். போனோம்.