தங்கை மகள் விஷயமாக அவசரமாக ஒரு உதவி

குழுவில் இருக்கும் அண்ணன், அக்காமார் யாராவது பதில் சொல்லுங்கள். எங்களுக்குத் தங்கச்சிமடம். இப்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தங்கை மகளுக்கு 9 வயது. முந்தாநாள் உச்சிப்புளி பக்கம் பைக் விபத்து, தலையில் அடி. மூளைச்சாவு என்கிறார்கள். 4 டாக்டர்கள் சேர்ந்து முதல் சோதனையை முடித்துவிட்டார்கள். 6 மணி நேரம் கழித்து மறுபடி செய்வார்கள். வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை சூடாகவே இருக்கிறது. நர்ஸ் கழற்றிக் கொடுத்த கொலுசு என் சட்டைப் பையில் கிடக்கிறது.

உறுப்பு தானம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரில் ஒருவர் எழுதிக் கொடுத்தாலே சட்டப்படி போதும். தங்கை சரி என்கிறாள். மச்சான் கடலிலிருந்து வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. தங்கையின் மாமியார்தான், "உயிர்த்தெழும் நாளில் பிள்ளை முழுசா எழும்ப வேண்டாமா?" என்று அழுகிறார். போப் இரண்டாம் ஜான் பால் 2000-இலேயே இதை அன்பின் செயல் என்று ஏற்றதைச் சொல்லிப் பார்த்தேன். அந்த நேரத்தில் அது எடுபடுமா? விபத்து கேஸ், எப்படியும் போஸ்ட்மார்ட்டம் உண்டு என்று சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

அவரை வற்புறுத்த வழி கேட்கவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பிள்ளையின் உறுப்பைக் கொடுத்த வீட்டார் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: கையெழுத்துப் போட்டு எவ்வளவு நேரத்தில் உடல் கைக்கு வந்தது? பெட்டியை மூடாமல் வைத்து முகம் பார்க்க முடிந்ததா? பெரியவர்களிடம் எப்படிப் பேசினீர்கள்? யாருக்குப் போகிறது என்று சொல்ல மாட்டார்களாம். அதுவும் தங்கைக்கு உறுத்துகிறது.

அடுத்த சோதனை இரவு 9 மணிக்கு. இன்பாக்ஸில் வந்தாலும் சரி. போனில் சார்ஜ் குறைவு, பதில் தாமதமானால் கோபிக்க வேண்டாம்.