மறு: மறு: மண்பன்றியா, மட்பன்றியா?

அடையாறு, மொழிபெயர்ப்பு:
வணக்கம். சிறுவர் விலங்குப் படநூல் நாளை மாலை அச்சுக்குப் போகிறது. ஆப்பிரிக்காவில் எறும்பும் கறையானும் தின்று வாழும் ஆர்ட்வார்க்குக்குத் தமிழ்ப் பெயர் வைப்பது மட்டும் பாக்கி. ‘எறும்புத்தின்னி’ ஆகாது; அதை அழுங்குக்குக் கொடுத்தாயிற்று. படத்தின் கீழ் ஒரு வரிதான் இடம்.

தாம்பரம், விலங்கியல்:
ஆப்பிரிக்கான்ஸில் ‘ஆர்ட்’ மண், ‘வார்க்’ பன்றி. ஆனால் இது பன்றிக் குடும்பமே இல்லை. யானையும் கடற்பசுவும் இருக்கும் கிளை. பல்தான் இதன் அடையாளம். எனாமல் கிடையாது, குறுக்கே வெட்டினால் தேனடை மாதிரி அறுகோணத் தூண்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் நுண்குழாய். இப்படிப் பல் அமைந்த விலங்கு வரிசையில் இன்று உயிரோடிருப்பது இந்த ஒரே இனம். ‘குழற்பல்லி’ எனலாமே?

மயிலாப்பூர், தமிழ்:
குழற்பல்லி என்றால் பிள்ளைகள் சுவரை அண்ணாந்து பார்ப்பார்கள், ஐயா. பன்றியே இருக்கட்டும். முள்ளம்பன்றி மட்டும் பன்றியா என்ன? ஆனால் வேற்றுமைப் புணர்ச்சியில் ணகரம் டகரமாகும்: மட்குடம், மட்பாண்டம். ஆகவே ‘மட்பன்றி’.

அடையாறு:
அது வடக்கு மாட வீதிக் கொலு பொம்மை போல ஒலிக்கிறதே அம்மா!

மயிலாப்பூர்:
மண்ணால் செய்த பன்றி, மண்ணைத் தோண்டும் பன்றி, இரண்டுமே உருபும் பயனும் உடன்தொக்க தொகைதான். விதி பொம்மைக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று என்று பார்க்காது. பன்றிக்கு ‘ஏனம்’ நல்ல பழஞ்சொல். தெற்கே அது பாத்திரமாகிவிட்டது. அகநானூற்றில் புற்றைக் கிளறும் கரடிக்குக் ‘குரும்பி வல்சி’ என்று அடை வருகிறது. குரும்பி, கறையான் புற்றுக்குள் இருக்கும் புற்றாஞ்சோறு. ‘குரும்பிமா’?

அண்ணா நகர், கணினி:
குரும்பிமா இட்லிமாவுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ‘ஆர்ட்வார்க்’ என்றே போட்டால் என்ன?

மயிலாப்பூர்:
ரகர ஒற்றை அடுத்து டகர ஒற்று, கடைசியில் ககர ஒற்று. ஒரு சொல்லில் இரண்டு மீறல்.

தாம்பரம்:
‘கறையான்தின்னி’யையும் இப்போதே தள்ளிவிடுங்கள். இது எறும்பையும் ஏராளமாகத் தின்னும். கறையானையே நம்பி வாழ்வது ஆர்ட்வுல்ஃப். கழுதைப்புலிக் குடும்பம், புற்றை உடைக்க முடியாமல் தரைமேல் வருவதை நக்கித் தின்பது. அந்தப் பெயரை அதற்கு வைத்திருங்கள்.

அடையாறு:
மண்பன்றிக்கு நான்கு பேர், மட்பன்றிக்கு ஒருவர். மண்பன்றி என்றே அனுப்புகிறேன்.

மயிலாப்பூர்:
சொல்லடைவிலாவது ‘மட்பன்றி’ இருக்கட்டும்.

தாம்பரம்:
பெயர் எதுவானாலும் சரி, படத்தைத் திருத்துங்கள். முன்காலில் ஐந்து விரல் வரைந்திருக்கிறார்கள். முன்னால் நான்கு, பின்னால்தான் ஐந்து.