தானாக அணையும் ரவுட்டர்: அடாப்டரா, போர்டா?

வணக்கம் நண்பர்களே. கடலூர் தேவனாம்பட்டினம், கடற்கரைக்குப் பக்கத்து வீடு. ஐந்து வருட டூயல் பேண்ட் (இரண்டு வைஃபை அலைவரிசை) ரவுட்டர், அடாப்டர் 12 வோல்ட் 1.5 ஆம்ப். ஒரு நாளைக்கு நாலைந்து முறை தானாக அணைகிறது. நெட் மட்டும் போவதில்லை, எல்லா விளக்கும் சேர்ந்து அணைகிறது. அதனால் ஃபைபர், செட்டிங்ஸ் பக்கம் போகவில்லை. ரீபூட் ஷெட்யூலும் ஆஃப்தான்.

அடாப்டரைத் தனியாக அளந்தால் 12.2 வோல்ட். இந்த அளவை நம்பக்கூடாது, லோடு இல்லாமல் எல்லா அடாப்டரும் யோக்கியன்தான். ரவுட்டர் மூடியைக் கழற்றி, அடாப்டர் பின்னைச் செருகியபடியே ஜாக்கின் கால்களில் மல்டிமீட்டர் வைத்தேன்: சும்மா இருக்கும்போது 11.8, இரண்டு பேண்டிலும் வீடியோ ஓடவிட்டால் 10.1-க்கு இறங்கி, பொட்டென்று அணைகிறது.

வேறொரு 12 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர் (அதே 5.5 × 2.1 மிமீ பின், நடுவில் பாசிட்டிவ்) போட்டதும் 11.9-லேயே நின்றது. ஆனால் மூன்று மணி நேரம் கழித்து மறுபடி அணைந்தது. ஜாக்கை ஒட்டிய 470 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெப்பாசிட்டரின் தலை லேசாக உப்பியிருக்கிறது. ஜாக்கின் உள்ளே பச்சைக் களிம்பு, உப்புக்காற்றின் வேலை.

கேள்விகள்: கெப்பாசிட்டர், ஜாக் இரண்டையும் மாற்றினால் போதுமா, ரெகுலேட்டர் ஐசியையும் (போர்டில் வோல்டேஜைச் சீராக்கும் சிப்) சந்தேகிக்கணுமா? 25 வோல்ட், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) வகைக் கெப்பாசிட்டர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரியிலோ எங்கே கிடைக்கும்? உயரம் 12 மிமீ தாண்டினால் மூடி மூடாது.